விலையுயர்ந்த கஸ்டம் டாக்டிகல் கத்திகள்: பெயருக்கேற்ற வேலை செய்கின்றனவா?

சணல்கயிறு:

தொழில் நிமித்தம் நாள் முழுவதும் கயிறும் நைலான் பட்டையும் தடித்த அட்டையும் அறுப்பவன் நான். இப்போது கையில் இருப்பது தொழிற்சாலையில் தயாரான ஒரு மடக்குக் கத்தி. குறை சொல்ல எதுவுமில்லை. பெயர்பெற்ற கைவினைஞர் ஒருவர் தன் பட்டறையில் கையால் செய்த (கஸ்டம் என்பார்கள்) டாக்டிகல், அதாவது படையினர் பாணியிலான, மடக்குக் கத்தி ஒன்று இப்போது விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை என் கத்தியைப் போலப் பத்து மடங்கு. அதைப் பற்றி எழுதியிருப்பவற்றைப் படித்தால், எதையும் அறுக்கும், எதற்கும் உடையாது, தலைமுறைக்கும் நிற்கும் என்கிறார்கள். பத்து மடங்கு விலைக்குப் பத்து மடங்கு வேலையை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு மடங்காவது கிடைக்குமா என்றுதான் கேட்கிறேன். அழகையும் அரிய தன்மையையும் தனியே ஒதுக்கிவிட்டு, கத்தி செய்யவேண்டிய வேலையை மட்டும் வைத்துப் பதில் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

அலகுப்பித்தன்:

வேலையை வைத்தே பேசுவோம். உங்கள் தொழிற்சாலைக் கத்தியில் இருக்கும் நல்லவை எங்கிருந்து வந்தன என்று முதலில் பாருங்கள். லைனர் லாக்கை, அதாவது பிடிக்குள் உள்ள மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகைத் தாங்கும் பூட்டை, இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் வாக்கர். 1980களின் தொடக்கத்தில், தன் பட்டறையில். கைப்பிடியின் டைட்டானியம் தகட்டையே பூட்டாக மாற்றி, ஃபிரேம் லாக் என்று இன்று எல்லோரும் செய்யும் முறையை செபென்சா கத்தியில் நிலைநிறுத்தியவர் கிறிஸ் ரீவ். விமான எந்திரப் பாகங்களுக்கான 154சிஎம் எஃகைக் கத்தி உலகுக்கு 1970களின் தொடக்கத்தில் அழைத்துவந்தவர் பாப் லவ்லெஸ். பெஞ்ச்மேட் நிறுவனத்தின் ஆக்சிஸ் பூட்டைக்கூடக் கண்டுபிடித்தவர்கள் மெக்ஹென்றி, வில்லியம்ஸ் என்ற இரு தனிக் கைவினைஞர்களே. தொழிற்சாலைகள் இவர்களிடம் உரிமம் பெற்றோ பெறாமலோ நகலெடுத்தன. நீங்கள் கொடுக்கும் பத்து மடங்கு விலை மூலத்துக்கான விலை.

வேலை என்று பார்த்தாலும், அலகு இரு தகடுகளுக்கும் சரிநடுவே நிற்பது, திறக்கும்போது தடையின்றிச் சுழல்வது, பூட்டு விழுந்தபின் இம்மியும் ஆடாமல் இருப்பது ஆகிய மூன்றையும் ஒரே கத்தியில் நீங்கள் உணர்ந்துவிட்டால் இக்கேள்வியை மறுபடி கேட்கமாட்டீர்கள்.

தீட்டுக்கல்:

அலகுப்பித்தன் அவர்கள் சொன்ன வரலாறு சரியானது; ஆயினும் அது கேள்விக்கான விடையன்று. கண்டுபிடித்தவருக்குப் புகழ் உரியது என்பதால் அவர் செய்த ஒவ்வொரு பொருளும் அதன் நகலைவிட நன்றாக அறுக்கும் என்று ஆகிவிடாது. மேலும், கட்டைவிரலால் திறக்க வட்டத் துளை, சட்டைப்பையில் மாட்ட ஒரு கிளிப் ஆகியவை 1981இல் ஸ்பைடர்கோ நிறுவனத்தின் முதல் மடக்குக் கத்தியில் வந்தவை. அவற்றைப் பின்னாளில் கஸ்டம் கைவினைஞர்களே எடுத்துக்கொண்டார்கள். கடன் இருபுறமும் உண்டு.

இனி அறுப்பதைப் பற்றி. ஒரு பொருளுக்குள் அலகு எவ்வளவு எளிதாக இறங்கும் என்பதை எஃகின் பெயர் தீர்மானிப்பதில்லை. தீட்டிய வாய்க்குச் சற்று மேலே அலகு எவ்வளவு பருமனாக இருக்கிறது என்பதும், வாயின் கோணமுமே தீர்மானிக்கின்றன. அந்த இடத்தில் 0.3 மில்லிமீட்டர் பருமன் உள்ள மலிவான கத்தி, 0.8 மில்லிமீட்டர் பருமன் உள்ள புகழ்பெற்ற கத்தியைக் காட்டிலும் தடித்த அட்டையில் வெகு சுலபமாக ஓடும். முதல் வெட்டில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். அலகு முழுவதும் உள்ளே புகவேண்டிய ஆழமான வெட்டில் பருமனான கத்தி ஆப்பு போல அட்டையைப் பிளக்க முயன்று சிக்கிக்கொள்ளும்.

டாக்டிகல் என்ற வகையின் அடிப்படை முரண்பாடே இதுதான். முதுகு 4 மில்லிமீட்டர், சிலவற்றில் 5 மில்லிமீட்டர். சாணை இறங்கும் சரிவு குட்டையானது. முனையும் நெம்புகோலைத் தாங்கும்படி தடித்தது. வளைவை எதிர்க்கும் விறைப்பு தகட்டின் பருமனுடைய மூன்றாம் அடுக்கில் கூடுவதால், 2.5 மில்லிமீட்டர் அலகைவிட 4 மில்லிமீட்டர் அலகு நான்கு மடங்கு விறைப்பாக இருக்கும் என்பது உண்மை. நெம்புவதற்கு அது நல்லது. ஆனால் உங்கள் வேலை நெம்புவதா, அறுப்பதா? கயிறறுப்பவருக்கு அந்த நான்கு மடங்கு விறைப்பு ஒவ்வொரு வெட்டிலும் மணிக்கட்டில்தான் வந்து சேரும்.

அலகுப்பித்தன்:

கைவினைஞரிடம் சொன்னால் மெல்லியதாகச் சாணை பிடித்துத் தருவார். கஸ்டம் என்ற சொல்லுக்கு அதுதானே பொருள்? எஃகையும் அதன் பதத்தையும் நீங்கள் தொடவே இல்லை என்பதையும் குறிப்பிடுகிறேன். ஒரு தேர்ந்த கைவினைஞர் தன் அலகுகளை ஒவ்வொன்றாகப் பதப்படுத்துவதும், தொழிற்சாலை நூற்றுக்கணக்கில் உலையில் அடுக்குவதும் ஒன்றா?

கரிமஅணு:

உலோகவியல் என் தொழில் என்பதால் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கஸ்டம் கத்திகளில் புழங்கும் எஸ்30வி, எஸ்35விஎன், எம்390, மேக்னாகட் போன்ற எஃகுகள் எஃகை நுண்துகளாக்கிப் பின் அழுத்தி இறுக்கும் துகள் உலோகவியல் முறையில் சில ஆலைகளில் மட்டுமே உருவாகின்றன. அதே ஆலையின் அதே தகடுதான் கைவினைஞரின் பட்டறைக்கும் தொழிற்சாலைக்கும் போகிறது; எனவே எஃகின் பெயரில் தனிச்சிறப்பு ஏதுமில்லை. எஸ்30வியை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 1.45 விழுக்காடு கரிமம், 14 விழுக்காடு குரோமியம், 4 விழுக்காடு வனேடியம். அதில் வனேடியமும் கரிமமும் சேர்ந்து உருவாகும் வனேடியம் கார்பைடு துகள்களின் கடினம் விக்கர்ஸ் அளவில் 2,600க்கும் மேல்; குரோமியம் கார்பைடு 1,500ஐ ஒட்டி நிற்கும். கூர் நெடுநேரம் நிற்பதற்கு இத்துகள்களே காரணம். சாதாரண அலுமினியம் ஆக்சைடு கல்லில் இந்த எஃகுகள் எளிதில் தீட்டப்படாமல் வைரக்கல் கேட்பதற்கும் அவையே காரணம்.

வெப்பப் பதப்படுத்தலில் மறைபொருள் மிகக் குறைவு. இத்தகைய எஃகை 1,000 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, விரைவாகக் குளிரவைத்து, தேவையென்றால் மைனஸ் 196 பாகையில் உள்ள திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி, மிஞ்சிய ஆஸ்டெனைட் என்ற மென்மையான அமைப்பை மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்பாக மாற்றி, பிறகு இளஞ்சூட்டில் இருமுறை பதம் இறக்குகிறார்கள். வெப்பநிலைகள் எஃகு ஆலையின் தரவுத்தாளிலேயே அச்சாகியிருக்கின்றன. மின்னணுக் கட்டுப்பாடுள்ள வெற்றிட உலையில் நூறு அலகுகளை அடுக்குவதால் தரம் குறையாது; ஒரே சீராக இருப்பதில் பெரும்பாலும் பெரிய உலையே மேல். கைவினைஞர்கள் பலர் அலகுகளைத் தாமே பதப்படுத்தாமல், தொழிற்சாலைகளும் நாடும் வெளி நிறுவனங்களுக்குத்தான் அனுப்புகிறார்கள். ஒருவர் ராக்வெல் சி என்ற கடின அளவில் 59க்கும் இன்னொருவர் 61க்கும் பதம் வைத்தால் வேறுபாடு நிச்சயம் உண்டு, ஆனால் அதை அளக்கலாம். அளந்து எண்ணைச் சொல்லாமல் ‘எங்கள் பதம் தனி’ என்று மட்டும் சொல்பவரிடம் அந்த எண்ணைக் கேட்க வேண்டும்.

கூர் நிற்கும் தன்மையை அளக்க முறையான சோதனையும் இருக்கிறது. ஷெஃபீல்டில் உள்ள கேட்ரா என்ற ஆய்வு அமைப்பின் எந்திரம், மணல்துகள் கலந்த தடித்த தாள் அட்டையை அலகால் திரும்பத் திரும்ப அறுத்து, மொத்தம் எவ்வளவு பருமன் அறுபட்டது என்று கணக்கிடும். ஐஎஸ்ஓ 8442-5 என்ற தரவரையறையின் அடிப்படை அதுதான். அந்த வகைச் சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரியவருவது தீட்டுக்கல் அவர்கள் சொன்னதே: வாயின் கோணத்தைக் குறைப்பதால் கிடைக்கும் ஆதாயம், நல்ல எஃகிலிருந்து இன்னொரு நல்ல எஃகுக்கு மாறுவதால் கிடைப்பதைப் பெரும்பாலும் விஞ்சிவிடுகிறது. மேக்னாகட் எஃகை உருவாக்கி 2021இல் வெளிக்கொணர்ந்த லேரின் தாமஸ் என்ற உலோகவியலாளரே இதை வலியுறுத்துபவர். எஃகை விற்கவேண்டிய நிலையில் இருப்பவர் கோணத்தைப் பற்றி இப்படிச் சொல்வதை நான் மதிக்கிறேன்.

பட்டறைக்காரர்:

நான் கத்தி செய்து விற்பவன். என் பேச்சில் சார்பு இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேலே எழுதியவற்றில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். நானும் அலகுகளை வெளியேதான் பதப்படுத்தக் கொடுக்கிறேன், அதில் வெட்கப்பட ஏதுமில்லை. விலைக்குக் காரணம் எஃகில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. டைட்டானியம் தகட்டைக் கடைந்து, பூட்டுப்பட்டையை அறுத்து, அது அலகின் அடிமுகத்தில் (திறந்த அலகில் பூட்டு தொடும் பின்முகத்தில்) சரியாக உட்காரும்வரை கையால் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பதற்கு ஆகும் நேரம், எந்திரம் ஒரு முழுக் கத்தியின் பாகங்களைக் கடைந்து தள்ளும் நேரத்தைவிடப் பன்மடங்கு அதிகம். கடைசிக் கட்டத்தில் ஒரு தேய்ப்பு கூடிவிட்டால் அதுவரை செய்த வேலை குப்பைக்குப் போகும்.

ஃபிரேம் லாக்கின் நன்மை தீமை முழுவதும் அந்த ஒரு தொடுமுகத்தில்தான் அடங்கியிருக்கிறது. அலகின் அடிமுகம் எட்டுப் பாகையை ஒட்டிய சாய்வில் இருக்கவேண்டும். சாய்வு கூடினால் அழுத்தத்தில் பூட்டு நழுவும். குறைந்தால் பூட்டு ஒட்டிக்கொண்டு கட்டைவிரலுக்கு அசையாது. கடினப்படுத்திய எஃகோடு உராயும் டைட்டானியம் மென்மையானது என்பதால் நாளடைவில் தேயும், சில நேரங்களில் பிசுபிசுப்பாகப் பற்றிக்கொள்ளும். அதற்காகத்தான் பூட்டுமுனையில் சிறு எஃகுத் துண்டைப் பொருத்துகிறோம் அல்லது மின்பொறியால் கார்பைடு பூசுகிறோம். பூட்டுப்பட்டை வெளிப்புறம் அளவுக்கு மீறி வளைந்துவிடாமல் தடுக்க ரிக் ஹிண்டரர் என்ற கைவினைஞர் சேர்த்த வட்டத் தடையும் இதைப் போன்ற ஒரு சிறு திருத்தம்தான், ஆனால் பயனுள்ளது. கைவேலையில் இவை ஒவ்வொரு கத்திக்கும் தனித்தனியே சரிபார்க்கப்படுகின்றன. தொழிற்சாலையில் மாதிரிக்கு ஒன்றிரண்டைச் சோதிப்பார்கள்.

இதையும் சொல்லியாகவேண்டும். இன்று வீ, ரியேட் போன்ற சீன நிறுவனங்கள் கணினி வழிக் கடைசல் எந்திரங்களில் செய்யும் மடக்குக் கத்திகளின் பொருத்தம், இருபது ஆண்டுகளுக்கு முன் எங்களில் சிறந்தவர்கள் கையால் செய்ததற்குக் குறைவில்லை. அலகு நடுவில் நிற்பதும் வழுக்கிக்கொண்டு திறப்பதும் இனிமேல் கைவினைஞரின் தனியுரிமை அல்ல.

மெல்லிய சாணையைப் பற்றி: கேட்டால் தருவேன். ஆனால் கேட்பவர்கள் மிகக் குறைவு. ‘இன்னும் தடிமனாக’ என்று எழுதும் வாடிக்கையாளர்களே என் பட்டியலை நிரப்புகிறார்கள்.

அலகுப்பித்தன்:

போர்க்களத்தில் உயிரைப் பணயம் வைப்பவர்கள் இக்கத்திகளைத் தேர்ந்தெடுத்தது எப்படி? ஸ்டிரைடர் எஸ்எம்எஃப், எமர்சன் சிக்யூசி-6 ஆகிய டாக்டிகல் மடக்குக் கத்திகளின் பெயர் விளம்பரத்தால் மட்டும் வந்ததாக யாரும் சொல்ல முடியாது.

தோள்பை:

சீருடையில் சில காலம் இருந்தவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அங்கே கத்தி செய்யும் வேலை கயிறறுப்பது, பொட்டலம் பிரிப்பது, ஒட்டுநாடா வெட்டுவது, அவ்வப்போது செய்யக்கூடாத இடத்தில் நெம்புவது. எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது கத்தி தொலைந்துபோவது. தொலைந்தால் வருந்தும் விலையுள்ள பொருளை அங்கு எடுத்துச் செல்பவர்கள் சிலரே.

அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் ஏற்றுக்கொண்ட கே-பார் வகைக் கத்தியில் எந்த மாயமும் இல்லை. ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் அலகு, எளிய கரிம எஃகு, தோல் வளையங்களை அடுக்கிய பிடி. அது இன்றும் விற்கிறது. அதே போரில் ராண்டல் என்ற அமெரிக்கக் கைவினைஞரின் கத்திகளுக்குப் பெயர் வந்தது உண்மை. கையால் செய்தவை என்பதற்காக மட்டும் வந்த பெயரல்ல அது. படையினரின் கையில் உருப்படியான நிலையான அலகுக் கத்திகள் அரிதாக இருந்த காலம்.

2002 முதல் அமெரிக்கச் சிறப்புப் படைப் பயிற்சியை முடிப்பவர்களுக்கு வரிசை எண்ணுடன் வழங்கப்படும் யார்பரோ கத்தியைப் பலர் சான்றாகக் காட்டுவார்கள். பில் ஹார்சி வடிவமைக்க, கிறிஸ் ரீவ் நிறுவனம் செய்தது. நல்ல கத்திதான். ஆனால் அது வழங்கப்படுவது ஒரு தகுதியின் அடையாளமாக. பெற்றவர்களில் பலர் அதைச் சுவரில் மாட்டியிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. சிக்யூசி-6ஐச் செய்த கைவினைஞர் எமர்சனைப் பொறுத்தவரை, அவரே 1996இல் தொழிற்சாலை உற்பத்திக்கென நிறுவனம் தொடங்கிவிட்டார். அதன் பிறகு படையினர் வாங்கியவற்றில் பெரும்பாலானவை அந்த உற்பத்திக் கத்திகளாகவே இருந்திருக்க வேண்டும். புகழ் கஸ்டம் கத்திக்கு, உழைப்பு உற்பத்திக் கத்திக்கு.

கடினமான வேலை வரும் என்று உண்மையாகவே எதிர்பார்ப்பவர் மடக்குக் கத்தியை நம்பமாட்டார். அச்சாணியும் பூட்டும் உள்ள எந்தக் கத்தியும், பிடிக்குள் முழுநீளம் ஓடும் ஒரே எஃகுத் துண்டுக்கு ஈடாகாது. அதற்குப் பத்து மடங்கு விலை தேவையில்லை.

சணல்கயிறு:

எல்லோருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. பின்னால் தேவையென்றால் கொடுத்த விலைக்கே விற்றுவிடலாம், எனவே அது செலவே அல்ல என்று விற்பவர் சொல்கிறார். இது எவ்வளவு தூரம் சரி?

பேரம்:

பயன்படுத்தாமல் வைத்திருந்தால் ஓரளவு சரி. நீங்கள் கேட்பது அறுப்பதற்கு என்பதால் உங்களுக்குச் சரியல்ல.

மறுவிற்பனைச் சந்தையில் விலையைத் தாங்குவது அரிய தன்மை ஒன்றே. ஆண்டுக் கணக்கில் நீளும் காத்திருப்புப் பட்டியல், கண்காட்சிகளில் சீட்டுக் குலுக்கி வாங்கும் உரிமை வழங்குவது, வாங்கிய அன்றே மேசைக்கு அப்பால் கூடுதல் விலைக்கு மாறுவது என்று இதற்கென ஒரு நடைமுறையே இருக்கிறது. அதே கைவினைஞர் உற்பத்தியைப் பெருக்கினாலோ, தொழிற்சாலைக்கு வடிவத்தை உரிமம் கொடுத்தாலோ, நாகரிகம் வேறு பக்கம் திரும்பினாலோ விலை இறங்கிவிடும். கைவினைஞர் தொழிலை நிறுத்தினால் அல்லது காலமானால் கத்தியின் விலை ஏறலாம், ஆனால் பழுது பார்க்க ஆள் இருக்காது. தளர்ந்த பூட்டோடு நிற்பவருக்கு விலையேற்றம் என்ன ஆறுதல்? பெயர்பெற்ற வடிவங்களுக்குப் போலிகளும் ஏராளம்.

முக்கியமான விளைவு வேறு. அலகில் ஒரு கீறல் விழுந்தால், ஒருமுறை தீட்டிவிட்டால் விலை குறைந்துவிடும். ஆகவே வாங்கியவர் அறுப்பதில்லை. அறுக்காதவர் எழுதும் மதிப்புரைகளில் திறக்கும் ஓசையும் பிடியின் மேற்பரப்பும் வருமே தவிர, கயிற்றில் எத்தனை வெட்டுக்குப் பின் கூர் மழுங்கியது என்பது வராது. இத்தனை விலையுள்ள ஒரு கருவி வகைக்குப் பயன்பாட்டுச் சான்று இவ்வளவு குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

கரிமஅணு:

பேரம் அவர்களின் கடைசிப் பத்தியோடு ஓர் ஒப்பீட்டைச் சேர்க்கிறேன். 1976இல் தொடங்கப்பட்ட அமெரிக்க அலகுக் கொல்லர் சங்கத்தில் தகுதி பெற விரும்புபவர், தான் அடித்த ஒரே கத்தியால், தொங்கவிட்ட ஓர் அங்குலப் பருமனுள்ள கயிற்றை ஒரே வீச்சில் துண்டிக்க வேண்டும். கட்டுமான மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதே வாய் கையிலுள்ள மயிரை மழிக்க வேண்டும். இறுதியில் அலகைப் பட்டறைப் பிடியில் கவ்வி 90 பாகை வளைத்தால் ஒடியக்கூடாது. சோதனை முடிந்ததும் கத்தி கழிவு. ஆனால் அதைச் செய்தவருக்குப் பதப்படுத்தலும் வாயமைப்பும் தெரியும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டுவிடுகிறது. ‘போருக்குத் தகுதியானது’ என்று தன்னை அழைத்துக்கொள்ளும் டாக்டிகல் மடக்குக் கத்திகளுக்கு இதற்கு நிகராக, எல்லோரும் ஏற்ற ஒரு தேர்வு இல்லை.

அலகுப்பித்தன்:

பயன்பாட்டுச் சான்று குறைவு என்பதை ஏற்கிறேன். என் பெட்டியில் உள்ளவற்றில் பெரும்பாலானவை அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன்: பூட்டு உட்காரும் விதத்தை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த கத்தியில், விரல்மேல் மடங்கும் ஆபத்து குறைவு. பட்டறைக்காரர் அவர்களும் அதைத்தான் சொன்னார்.

தீட்டுக்கல்:

சரிபார்த்திருந்தால் குறைவு. பெயர்பெற்ற ஒருவரின் கத்தியை நண்பருக்காகத் தீட்டியபோது, முதுகில் மிதமாக ஒரு தட்டு தட்டியதும் பூட்டு விட்டுக்கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். அவருடைய பிற கத்திகளும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பெயரை வைத்துப் பூட்டை நம்பக்கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

எனவே சணல்கயிறு அவர்களே, வாங்குவதற்கு முன் கையில் எடுத்துப் பார்க்க வழியிருந்தால், அளவியை வைத்து வாய்க்கு மேலுள்ள பருமனை முதலில் அளந்துவிடுங்கள், 0.5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் உங்கள் வேலைக்கு அது பொருந்தாது, மேற்கொண்டு பேசவேண்டியதில்லை. அது சரியாக இருந்தால், பூட்டுப்பட்டை அலகின் அடிமுகத்தில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு என்பது நல்லது, மறுகோடிவரை போயிருந்தால் தேய்மானத்துக்கு இடமில்லை. அலகை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். மணல் வீசி மங்கலாக்கிய மேற்பரப்பு என்றால், அது ஈரத்தைப் பிடித்துவைத்து வழுவழுப்பான அலகைவிட விரைவில் துருவேற்றும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். டாக்டிகல் தோற்றம் என்று விற்கப்படுவது பல நேரங்களில் இந்தத் தொல்லைதான். விற்பவர் அட்டையில் ஒரு வெட்டு வெட்டிப் பார்க்க அனுமதிக்காவிட்டால் அதிலேயே பதில் இருக்கிறது.

சணல்கயிறு:

அளந்துவிட்டேன். வாய்க்கு மேல் 0.75 மில்லிமீட்டர். ஆகவே அந்தக் கத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அட்டையில் வெட்டிப் பார்க்கும் கட்டத்துக்கே போகவில்லை.

பட்டறைக்காரர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. மடக்காத, நிலையான அலகு, நீளம் 9 சென்டிமீட்டர், முதுகு 2.5 மில்லிமீட்டர், வாய்க்கு மேல் 0.3 மில்லிமீட்டர். மேற்பரப்பு எப்படி இருந்தாலும் கவலையில்லை, துரு மட்டும் ஏறக்கூடாது. இப்படி ஒன்றைச் செய்வீர்களா? செய்தால் அந்தப் பத்து மடங்கில் எவ்வளவு ஆகும்?

பட்டறைக்காரர்:

செய்வேன். பூட்டும் அச்சாணியும் இல்லாததால் என் நேரத்தில் பெரும்பகுதி மிச்சம். பத்து மடங்கு ஆகாது, மூன்று மடங்குக்குள் முடியும். மேக்னாகட் எஃகில், ராக்வெல் சி 62ஐ ஒட்டிப் பதம் வைக்கலாம். அந்தப் பருமனில் பக்கத்துக்கு 15 பாகையாகத் தீட்டினால் கயிற்றில் நன்றாக நிற்கும். பதப்படுத்தி வந்ததும் கடினத்தை அளந்து, அந்த எண்ணை உங்களுக்கு எழுதித் தருகிறேன். இரண்டு நிபந்தனைகள்: தீட்ட வைரக்கல் வைத்துக்கொள்ளுங்கள், இதை வைத்து எதையாவது நெம்பி முனை ஒடிந்தால் என்னிடம் அனுப்பாதீர்கள். உங்கள் உள்ளங்கையின் அகலத்தைத் தனிச்செய்தியில் அனுப்பினால் பிடியை வரைந்து காட்டுகிறேன்.